பட்டிக்காரன் வம்சம்

அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று டெஸ்மண்ட் பிண்டருக்குப் பிடித்துக்கொண்டது. தெரிந்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? இங்கிலாந்தில் வேலையிலிருந்து ஓய்ந்தவர்களில் பாதிப் பேர் தோட்டம் போடுகிறார்கள், மீதிப் பேர் முப்பாட்டனைத் தேடுகிறார்கள். தேடினோமா, கண்டோமா, படம் போட்டுச் சுவரில் மாட்டினோமா என்று இருந்திருக்கலாம். இவர் லெஸ்டரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு முப்பாட்டன் ஊருக்கே குடிபோனார்.

பிண்டர் என்பது ஒன்றும் ராஜ பட்டம் இல்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு பட்டி இருக்கும். கல் சுவர், ஒற்றைக் கதவு, மேலே வானம். அடுத்தவன் பயிரில் வாய் வைக்கிற கொண்டி மாட்டையும் குதிரையையும் பிடித்து அதற்குள் அடைக்கிற ஆளுக்குத்தான் பிண்டர் என்று பெயர். பட்டிக்காரன். ஊருக்கு ஒரு பட்டி என்றால் ஊருக்கு ஒரு பட்டிக்காரன், ஊருக்கு ஒரு பிண்டர் குடும்பம். ஆவணக் காப்பகத்தில் லத்தீன் படித்துச் சொல்லும் அம்மாள் இதைப் பொறுமையாக விளக்கினாள். "எழுநூறு வருஷத்துக்கு முந்தி ஆஸ்தார்ப்ல ஹியூன்னு ஒரு பட்டிக்காரன் இருந்தான், சரி. அவன்தான் உங்க பாட்டன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல, மிஸ்டர் பிண்டர்." டெஸ்மண்ட் தலையை ஆட்டிவிட்டு, ஹியூதான் என் பாட்டன் என்று அன்று சாயங்காலமே கனடாவில் இருக்கும் பிண்டர்களுக்கெல்லாம் எழுதிவிட்டார்.

அவர் மனைவி ஹிலரி வீடு மாற்றும்போது பெட்டி கட்டிக்கொண்டே கேட்டாள். "எவனோ ஒருத்தன் அங்க மாடு பிடிச்சான்னு நான் என் சிநேகிதிங்க, பல் டாக்டர், பஸ் எல்லாத்தையும் விட்டுட்டு வரணும். அப்படித்தானே டெஸ்?"

"நம்ம வேரு அங்க இருக்கு, ஹில்."

"உன் வேரு. என் வேரு டார்பில மீன் கடையில இருக்கு. அங்க போவோமா?"

ஆஸ்தார்ப் நாட்டிங்காம்ஷயரில் ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு பலசரக்குக் கடை. ஆனால் அந்த ஊரில் இன்னும் பழைய பண்ணை நீதிமன்றம் கூடுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை மதுக்கடையின் பின்னறையில் விவசாயிகள் உட்கார்ந்து, பொது வயலில் யார் வரப்பைத் தாண்டி உழுதார்கள் என்று விசாரித்து, அபராதம் போட்டு, அதையே குடித்துத் தீர்ப்பார்கள். அதோடு ஒரு பட்டிக்காரரையும் நியமிப்பார்கள். வேலி எல்லாம் பலமாகிவிட்ட காலத்தில் அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. யாருக்கும் வேண்டாத பதவி. தலைவர் கார்டன் மெரில்ஸ் பெரிய பண்ணைக்காரர், பெரிய வாய். "பட்டிக்காரன்னு பேரு வச்சிக்கிட்டு ஒருத்தன் வந்து நிக்கிறான், அவனுக்குக் கொடுக்காம நாய்க்கா கொடுப்போம்?" என்று சொல்லி ஒரு தடியையும் பெரிய இரும்புச் சாவியையும் தூக்கிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்மண்ட் சிரிக்கவில்லை, கண் கலங்கினார்.

அந்தச் சாவியை வாங்கிய நாளிலிருந்து மனுஷன் நடையே மாறிப்போயிற்று. முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், யாருடைய பிரேக் மீதாவது காலை வைத்துக்கொண்டே வாழ்ந்தவர், முதல் தடவையாகத் தனக்கென்று ஓர் இடம் இருப்பதாக நினைத்தார். பட்டிச் சுவரில் முளைத்த காஞ்சொறியைப் பிடுங்கினார், கதவுக்கு எண்ணெய் போட்டார். பிறகு உலகத்தில் இருக்கும் பிண்டர்களை எல்லாம் மே மாதம் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவர்களுக்குக் கொடுக்க ஒரு கையேடு தயாரானது. ஹிலரிதான் தட்டச்சு செய்தாள். ஹியூவைப் பற்றிக் காப்பகத்து அம்மாள் மொழிபெயர்த்து அனுப்பியதில் ஒரு பத்தி கையேட்டில் விட்டுப்போயிருந்ததை அவள் கவனித்தாள். ஆலிஸ் என்ற விதவையின் வேலியைத் தானே பிடுங்கிவிட்டு, அவளுடைய பசுவைக் கொண்டி மாடு என்று அடைத்ததற்காக ஹியூவுக்கு அபராதம் போட்ட சேதி அது.

"இது எங்க போச்சு?" என்றாள்.

"அந்தக் காலத்துல யாரு வேணா யாரு மேல வேணா புகார் கொடுப்பாங்க. அதெல்லாம் எதுக்கு? ஆஸ்திரேலியாலேர்ந்து வர்றாங்க."

பிண்டர்கள் வந்தார்கள். லீட்ஸ், ஹல், ஒன்டாரியோ, டாஸ்மேனியா. ஊர்க் கூடத்தில் முட்டை சாண்ட்விச்சும் ஜாம் வைத்த கேக்கும் தேநீரும் அடுக்கியாயிற்று. பட்டிக்குள் அடைத்துக் காட்ட ஓர் ஆடு தருவதாக கார்டன் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று காலையில் அவரிடமிருந்து ஃபோன். "ஆடெல்லாம் நொண்டுதுய்யா. குளம்பு அழுகல். ஒண்ணைக்கூட வெளிய விடமுடியாது. நீயே உள்ள போய் நின்னு கத்து, வெளியூர்க்காரனுக்கு வித்தியாசம் தெரியாது." அவருக்கு டிரெண்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள்.

டெஸ்மண்டுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காலிப் பட்டியைக் காட்டவா டாஸ்மேனியாவிலிருந்து ஒருத்தியை வரவழைத்தோம்? அப்போதுதான் வில்ஃப் ஹேலமின் மட்டக்குதிரை ஞாபகம் வந்தது.

வில்ஃப் எண்பதைத் தாண்டியவர். தேவாலயத்துக்குப் பின்னால் தனி வீடு, பின்புறம் ஒரு புல்வெளி, அதில் டாஃபி என்ற கிழ மட்டக்குதிரை. மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அதுதான். டெஸ்மண்டும் ஹிலரியும் குடிவந்த அன்றைக்கு ஊரில் முதலில் வந்து கதவைத் தட்டியவரும் அவர்தான், கையில் தோட்டத்தில் விளைந்த ஒரு கட்டு புளிப்பு ருபார்ப் தண்டு. அவருக்குக் கொஞ்ச நாளாக மறதி. கெட்டில் தீய்ந்து போயிற்று, குளியல் தொட்டி நிரம்பி மாடிப்படியில் தண்ணீர் இறங்கிற்று. மகள் ஜானிஸ் லிங்கனிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து பார்த்துக்கொள்வாள். "இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடணும்னு சொல்லிட்டாப்பா" என்று வேலி ஓரத்தில் நின்று வில்ஃப் டெஸ்மண்டிடம் சொல்லியிருந்தார். "லிங்கன்ல அவளுக்கு மூணாவது மாடி. டாஃபியை லிஃப்ட்லயா ஏத்துறது?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. டெஸ்மண்டுக்கு இது தெரியும். தெரிந்தே இருந்தது.

அவர் போனபோது வில்ஃப் வீட்டில் இல்லை. ஜானிஸ் செடி வாங்க அழைத்துப் போயிருந்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், குதிரைக்குச் சீவிவிட்டு அனுப்பியிருப்பார். கேட்க ஆள் இல்லை, நேரமும் இல்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று டெஸ்மண்ட் புல்வெளிக் கதவின் சங்கிலியைக் கழற்றினார், கம்பத்தில் தொங்கிய கயிற்றை டாஃபியின் தலையில் மாட்டினார், நடத்திக்கொண்டு வந்துவிட்டார். கதவு அப்படியே மல்லாக்கத் திறந்து கிடந்தது.

அதுவரைக்கும் செய்தது அசட்டுத்தனம், அவ்வளவுதான். மன்னித்து விடலாம்.

பட்டியைச் சுற்றி நாற்பது பிண்டர்கள். எல்லோர் கையிலும் ஃபோன். டெஸ்மண்ட் சிவப்பு வெயிஸ்ட்கோட்டும் கையில் தடியுமாக நின்றார். வழக்கம் என்னவென்றால், பட்டிக்காரர் மூன்று முறை தடியைத் தட்டி, "பாதையில் அலைந்த மிருகம்! யாருடையது?" என்று கூவவேண்டும். சொந்தக்காரர் வந்து சுவரில் கையை வைத்து, "தப்பு என்னுடையது" என்று ஊர் கேட்கச் சொன்னால்தான் கதவைத் திறப்பார்கள். டெஸ்மண்ட் அன்று கூவிய கூவலில் காக்கைகள் தேவாலயக் கோபுரத்தை விட்டுப் பறந்தன. கை தட்டினார்கள். அவர் மறுபடியும் கூவினார். யாரும் வரப்போவதில்லை என்று நினைத்துத்தான் கூவினார்.

வில்ஃப் வந்தார். தெரு முனையிலிருந்து, ஒரு கையில் இன்னும் செடித் தொட்டியோடு, ஓட முடியாமல் ஓடி வந்தார். பின்னால் ஜானிஸ்.

"டாஃபி! கதவு திறந்து கிடக்கு, இவனைக் காணோம்... ஐயோ, இங்கயா இருக்க நீ!"

"அடடே, சொந்தக்காரர் வந்துட்டாரு!" என்று ஒன்டாரியோ பிண்டர் கத்தினார். "என்னமா நடிக்கிறாரு பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃப் சிரிப்பவர்களைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை, தெரிந்த முகமாக டெஸ்மண்டைப் பார்த்தார்.

"நான் சாத்தினேனே டெஸ். சங்கிலி போட்டுட்டுத்தான் கார்ல ஏறினேன். போட்டேன்தானே?"

'நான்தான் கூட்டிட்டு வந்தேன் வில்ஃப், கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க.' இவ்வளவுதான் சொல்லவேண்டும். வாயில் வந்தும் விட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? இத்தனை நேரம் கூவியது பொய் என்று ஆகும். பட்டிக்காரர், பாட்டன், எழுநூறு வருஷம் எல்லாம் ஒரு கிழவனுடைய குதிரையைத் திருடி வந்து காட்டிய கூத்தாகிவிடும். டாஸ்மேனியாக்காரி படம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"கதவு திறந்து கிடந்தது, வில்ஃப்" என்றார் டெஸ்மண்ட்.

அது பொய்கூட இல்லை, பாருங்கள். திறந்துதான் கிடந்தது.

வில்ஃபின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. செடித் தொட்டியைத் தரையில் வைத்தார். ஊரில் பிறந்தவர், வழக்கம் தெரிந்தவர், யாரும் சொல்லாமலே சுவரில் கையை வைத்தார். "தப்பு என்னுடையது" என்றார். குரல் எழும்பவில்லை. "சத்தமா! பின்னாடி கேக்கல!" என்று யாரோ குதூகலமாகக் கேட்டார்கள். மறுபடியும் சொன்னார். கைதட்டல் காதைப் பிளந்தது. ஜானிஸ் மட்டும் கை தட்டவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் டெஸ்மண்டின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவருக்குக் கேக் இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தொந்தரவு செய்யவேண்டாம் என்று தோன்றிற்று. அதற்கடுத்த நாள் மழை. சொல்லவேண்டிய மனுஷனுக்கு எந்த நாளும் நாள்தான், சொல்லப் பயப்படுகிறவனுக்குத்தான் மழை, வெயில் எல்லாம்.

அந்த வாரக் கடைசியில் ஹிலரி கடையிலிருந்து பாலோடு சேதியும் கொண்டுவந்தாள். "வில்ஃபை அழைச்சிட்டுப் போறாளாம் ஜானிஸ். வீடு விலைக்கு வருது. டாஃபியைக் கிழட்டுக் குதிரைங்கள வச்சுப் பாத்துக்கிற இடத்துக்குக் கொடுக்கிறாங்களாம். லாரி ஏதாவது வந்து குதிரை மேல மோதி, லாரிக்காரனும் செத்திருந்தா என்ன ஆகுறதுன்னு கடையில நின்னு அழுதிருக்கா பாவம்."

டெஸ்மண்ட் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். சமையலறை நாற்காலியில், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும்.

ஹிலரி பால் பாட்டிலை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். "உன் ஹியூ பண்ணினதும் இதேதானே?" என்றாள். "அந்த விதவை. நீ எடுத்துப் போட்டியே, அந்தப் பத்தி."

"ஹில், ப்ளீஸ்."

"அதாவது, இத்தனை நாளா ஆதாரம் இல்ல, ஆதாரம் இல்லன்னு அந்த அம்மா சொன்னாளே. இப்ப கிடைச்சிருச்சு. வம்சம்தான், சந்தேகமே இல்ல." பால் பாட்டிலை மேசையில் வைத்தாள். "எழுந்திரு. கோட்டைப் போடு. போய்ச் சொல்லு."

போனார். கதவைத் திறந்தது ஜானிஸ். கண்கள் வீங்கியிருந்தன. இவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நன்றி சொல்லவே வரணும்னு இருந்தேன், டெஸ்மண்ட். அன்னைக்கு நீங்க மட்டும் பிடிச்சுக் கட்டலன்னா அது மெயின் ரோட்டுக்குப் போயிருக்கும். எத்தனை பெரிய ஆபத்திலேர்ந்து காப்பாத்தியிருக்கீங்க." பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு டின் பிஸ்கட்டோடு வந்தாள். "அப்பா உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாரு. அவருக்கு உங்க முகத்தைப் பாக்க வெக்கமா இருக்காம்."

வெட்கமாம். அவருக்கு. டெஸ்மண்ட் இரண்டு கையாலும் டின்னை வாங்கிக்கொண்டார். 'பரவாயில்லம்மா' என்று ஏதோ முனகிவிட்டு டின்னோடு வீடு திரும்பினார்.

ஹிலரி டின்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சொல்லிட்டு வாடான்னு அனுப்பினா பரிசு வாங்கிட்டு வந்திருக்க" என்றாள்.

அந்த டின் சமையலறை அலமாரியில் இருந்தது. யாரும் திறக்கவில்லை. டெஸ்மண்ட் வெளியே போவதை விட்டார். ஒரு தடவை மதுக்கடைக்குப் போனபோது அன்றைய படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்: தடியோடு இவர், சுவரில் கைவைத்துக் குனிந்த வில்ஃப். "எழுநூறு வருஷத்துக்கப்புறம் ஒரு பட்டிக்காரன் வேலை செஞ்சிருக்கான்யா!" என்று கார்டன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். டெஸ்மண்ட் கிளாஸைத் தொடாமல் வந்துவிட்டார். ஒருநாள் காலையில் குதிரை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்று சன்னலைத் தாண்டிப் போயிற்று. பின்பக்கத்துக் கம்பி வழியாக டாஃபியின் பழுப்பு முதுகு தெரிந்தது. அவர் திரையை இழுத்துவிட்டார். தன்னை நினைத்தாலே அவருக்கு அருவருப்பாக இருந்தது, கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்வதற்கே கூசிற்று.

வில்ஃப் கிளம்புகிற அன்று காலையில், ஹிலரி சொல்லாமலே டெஸ்மண்ட் எழுந்து போனார். சாமான் வண்டி முன்னாடியே போய்விட்டது. ஜானிஸ் காரின் பின்புறத்தில் மூட்டைகளை அமுக்கிக்கொண்டிருந்தாள். வில்ஃப் முன் சீட்டில், நல்ல கோட் போட்டு, பெல்ட் மாட்டி, கதவு திறந்திருக்க உட்கார்ந்திருந்தார்.

டெஸ்மண்ட் நின்றபடியே சொன்னார், மூச்சு விடாமல். "ஜானிஸ், நீயும் கேட்டுக்கோம்மா. கதவைத் திறந்தது நான். ஆடு கிடைக்கல, கூட்டம் காத்திட்டிருந்தது, சங்கிலியை நான்தான் கழட்டினேன். டாஃபியை நான்தான் ஓட்டிட்டுப் போனேன். உங்க அப்பா சாத்திட்டுத்தான் போனாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

ஜானிஸ் மூட்டையை விட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் கனிந்துபோயிற்று. கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அந்தக் கனிவு அடி விழுந்த மாதிரி இருந்தது. "நீங்க ரொம்ப நல்லவர், டெஸ்மண்ட்" என்றாள் தணிந்த குரலில். "ஆனா வேண்டாம். நாங்க இதைப் பேசி அழுது முடிச்சாச்சு."

"இரக்கப்பட்டுச் சொல்லலம்மா, நிஜமாவே—"

"இங்க வா தம்பி" என்று வில்ஃப் கூப்பிட்டார். டெஸ்மண்ட் கார் கதவருகே குனிந்தார். கிழவரின் கை வந்து அவர் கையைப் பிடித்தது.

"எனக்காக இப்படிச் சொல்ற பாரு, அதை மறக்க மாட்டேன். ஆனா நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். மொதல்ல ஞாபகம் வரல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்திருச்சு. கையில தண்ணி வாளி. உள்ள ஃபோன் அடிச்சது. அப்படியே போட்டுட்டு ஓடினேன். சங்கிலி தொங்கிட்டே ஆடுது, கண்ணு முன்னாடி தெரியுது எனக்கு."

"இல்ல வில்ஃப். அப்படி நடக்கவே இல்ல. நீங்க சாத்தினீங்க. சங்கிலி இறுக்கமா இருந்தது, கழட்டறப்ப என் விரல்கூட நசுங்குச்சு!" டெஸ்மண்டின் குரல் உயர்ந்துவிட்டது. "கேளுங்க, நான்தான்! நான்தான் செஞ்சேன்!"

வில்ஃப் கையை இழுத்துக்கொண்டார். கண்களில் பயம் வந்தது, சந்தையில் கைவிட்டுப்போன குழந்தைக்கு வருகிற பயம். மகளைத் தேடி ஒரு பக்கம் பார்த்தார், டெஸ்மண்டை ஒரு பக்கம் பார்த்தார்.

"குழப்பாத தம்பி" என்றார் கெஞ்சலாக. "இந்த ஒண்ணைத்தான் நான் சரியா ஞாபகம் வச்சிருக்கேன்."

ஜானிஸ் வந்து டெஸ்மண்டை மெல்ல நகர்த்தி, அப்பாவின் பக்கத்துக் கதவைச் சாத்தினாள்.